கேட்டதும் சொன்னதும்: ஒரே ஒரு ஸ்கூல் பத்தி

போன இதழ்ல ஒரு வாசகர், "கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நோட்டுப் புத்தகத்தைப் பிடிச்சபடி ஒரு கறுப்பினப் பொண்ணு தனியா நடந்து போவா, பின்னாடி வெள்ளைக்காரப் பொண்ணு ஒருத்தி வாய் கிழிய கத்திக்கிட்டே வருவா, அந்த போட்டோ எங்க எடுத்தது"ன்னு கேட்டிருந்தாரு. அமெரிக்கா, ஆர்கன்சா மாநிலம், லிட்டில் ராக் சென்ட்ரல் ஹைஸ்கூல் பக்கத்துல, 1957 செப்டம்பர் 4, நடந்து போறது எலிசபெத் எக்ஃபோர்ட்னு ரெண்டே வரில பதில் போட்டேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பாத்தா ரெண்டு வரி பத்தாதுன்னு தெரிஞ்சு போச்சு. அதனால இந்த வாரம் சினிமா கேள்வி, அரசியல் கேள்வி எதுவும் கிடையாது, முழுக்க இந்த ஸ்கூல்தான், கோவிச்சுக்காதீங்க.

சார், அது பிரைவேட் ஸ்கூலா கவர்மென்ட் ஸ்கூலா? படத்துல பாத்தா அரண்மனை மாதிரி நிக்குது!

கவர்மென்ட் ஸ்கூல்தாங்க. அந்த ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஊர்ல இருக்குற கவர்மென்ட் ஸ்கூல்களை நிர்வாகம் பண்ற அமைப்பு நடத்துறது, ஃபீஸ் கிடையாது, வீட்டு வரி, மாநில நிதின்னு பொதுப் பணத்துலதான் ஓடுது. கட்டிடம் 1927ல திறந்தாங்க, செலவு 15 லட்சம் டாலர், அந்தக் காலத்துக்கு அது தலை சுத்துற தொகை. ரெண்டு பிளாக் நீளத்துக்கு நிக்கும். வாசலுக்கு மேல நாலு சிலை இருக்கு, லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, தயாரிப்புன்னு நாலுக்கும் பேரு. அமெரிக்க கட்டிடக் கலைஞர்கள் சங்கம் இதைத்தான் நாட்டுலயே அழகான ஹைஸ்கூல்னு சொல்லுச்சு. ஆனா ஸ்கூலோட வேர் இன்னும் பழசு, 1869ல ஷெர்மன் ஸ்கூல்னு ஆரம்பிச்சது, அப்புறம் இடம் மாறி மாறி கடைசில இங்க வந்து சேந்துச்சு. 1927ல வெச்ச பேரு லிட்டில் ராக் சீனியர் ஹைஸ்கூல். 'சென்ட்ரல்'ங்கிறது 1953ல ஒட்டிக்கிட்டது.

இதுல பலர் கவனிக்காம விடுற ஒரு விஷயம் இருக்கு. அந்த நாலு சிலைக்குக் கீழ நுழைய வெள்ளைக்காரப் பசங்களுக்கு மட்டும்தான் அனுமதி. ரெண்டு வருஷம் கழிச்சு, 1929ல, கறுப்பினப் பசங்களுக்காக டன்பார் ஹைஸ்கூல்னு ஒண்ணு கட்டினாங்க. செலவு சுமார் 4 லட்சம் டாலர், அதுலயும் ஒரு பங்கு ரோசன்வால்ட் நிதின்னு ஒரு அறக்கட்டளை குடுத்த நன்கொடை. அதே ஊரு, அதே வரிப்பணம், ஒரு பக்கம் 15 லட்சம், இன்னொரு பக்கம் 4 லட்சம், அதுலயும் கொஞ்சம் தானம். 'தனித்தனியா இருந்தாலும் சமம்'னு அப்ப சட்டம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு பாருங்க, அது எப்படிப்பட்ட சமம்னு இந்த ரெண்டு நம்பரே சொல்லிரும்.

தீர்ப்பு 1954லயே வந்துருச்சே சார், அப்புறம் ஏன் 1957 வரைக்கும் இழுத்தாங்க?

நல்ல கேள்வி. பிரவுன் வழக்குத் தீர்ப்பு 1954 மே 17, நிற அடிப்படையில பள்ளிகளைப் பிரிக்கிறது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. லிட்டில் ராக் ஸ்கூல் போர்டு "சரி கட்டுப்படறோம்"னு நல்ல புள்ளையாத்தான் சொல்லுச்சு, ஆனா படிப்படியா செய்வோம்னு ஒரு திட்டம் போட்டாங்க, சூப்பரின்டென்டென்ட் வெர்ஜில் பிளாசம் பேர்ல அது பிளாசம் பிளான். 1957ல ஒரே ஒரு ஹைஸ்கூல்ல, கொஞ்ச பேரோட தொடங்கறதுதான் பிளான். அதே 1957லதான் ஊரோட மேற்குப் பக்கம், வசதியான வெள்ளைக்காரங்க இருக்குற ஏரியாவுல ஹால் ஹைஸ்கூல்னு புதுசா திறந்தாங்க, அது வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். அதாவது பணக்காரப் பசங்க அங்க போயிட்டாங்க, ரெண்டு நிறத்துப் பசங்களும் சேந்து படிக்கிற வேலையெல்லாம் சென்ட்ரல்ல படிக்கிற தொழிலாளி வீட்டுப் பசங்க தலையில. இதனால வந்த கடுப்பும் ஸ்கூல் வாசல்ல கத்தின அந்தக் கூட்டத்துல சேந்துக்கிச்சுன்னு நான் நெனைக்கிறேன், வெறுப்புக்கு அது சாக்கு ஆகாது, ஆனா பிளான் போட்டவங்க சூதானமா அவங்கவங்க வீட்டைத் தவிர்த்து போட்டாங்கங்கிறதும் உண்மை.

சென்ட்ரல்ல சேர விருப்பப்பட்ட கறுப்பினப் பசங்களோட மார்க்கு, அட்டென்டன்ஸ், நடத்தை எல்லாம் சலிச்சு எடுத்து, சில பேர் பயந்து விலகி, கடைசில மிஞ்சினது 9 பேர். எர்னஸ்ட் கிரீன், எலிசபெத் எக்ஃபோர்ட், ஜெஃபர்சன் தாமஸ், டெரன்ஸ் ராபர்ட்ஸ், கார்லோட்டா வால்ஸ், மின்னிஜீன் பிரவுன், குளோரியா ரே, தெல்மா மதர்ஷெட், மெல்பா பட்டிலோ. செப்டம்பர் 2ம் தேதி கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் அமைதி காக்கறேன்னு சொல்லி நேஷனல் கார்டை, அதாவது மாநிலத்தோட படையை, கொண்டு வந்து நிறுத்தினாரு, 4ம் தேதி பசங்க வந்தப்ப அந்தக் கார்டே அவங்களை உள்ள விடல. எல்லாரும் சேந்து போறதா ஏற்பாடு, எலிசபெத் வீட்டுல போன் இல்லாததால தகவல் போகல, அதான் அந்தப் பொண்ணு தனியா மாட்டுச்சு. படத்தை எடுத்த வில் கவுன்ட்ஸும் அதே ஸ்கூல்ல படிச்சு வெளிய வந்தவர்தான்.

கார்டு விலகின பிறகு, 23ம் தேதி 9 பேரும் பக்கவாசல் வழியா உள்ள போனாங்க, வெளிய கூட்டம் பெருத்து மதியத்துக்குள்ள வெளியேத்த வேண்டியதாப் போச்சு. மறுநாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 101வது ஏர்போர்ன் டிவிஷன்ங்கிற ராணுவப் பிரிவை அனுப்பினாரு, ஆர்கன்சா நேஷனல் கார்டையும் கவர்னர் கையில இருந்து பிடுங்கி தன் கட்டுப்பாட்டுல எடுத்துக்கிட்டாரு. 25ம் தேதி துப்பாக்கி நுனியில பயனெட் கத்தி மாட்டின ராணுவம் கூடவே நடக்க 9 பேரும் முன்வாசல் வழியாவே போனாங்க.

நான் ரிட்டயர் ஆன பி.டி. வாத்தியார். இவ்ளோ பெரிய ஸ்கூல்ல விளையாட்டு எப்படி? அந்தக் கலவர வருஷத்துல மேட்ச் எல்லாம் நடந்துச்சா?

வாத்தியாரய்யா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த வாரம் உக்காந்ததே. நடந்துச்சாவா? அந்த ஸ்கூல் சரித்திரத்துலயே உச்சமான சீசன் அதுதான்!

சென்ட்ரலோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம் பேரு டைகர்ஸ். கோச் வில்சன் மேத்யூஸ், ரொம்பக் கண்டிப்பான ஆளு. 1957 சீசன்ல 12 மேட்ச் ஆடி 12லயும் ஜெயிச்சாங்க, மாநில சாம்பியன். அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் செப்டம்பர்ல தொடங்கி நவம்பர் கடைசி வரைக்கும் போகும், அப்படின்னா யோசிச்சுப் பாருங்க, ராணுவம் வந்து இறங்கினது, வகுப்பு வாசல்ல சிப்பாய் நின்னது, ஸ்கூல் பின்பக்கத்துல கூடாரம் போட்டது எல்லாம் அதே வாரங்கள்ல. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் உலகப் பத்திரிகைக்காரன் எல்லாம் வாசல்ல, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஊரே ஸ்டேடியத்துல.

அந்த ஸ்டேடியம் ஸ்கூலோட சொந்த ஸ்டேடியம், குவிக்லி ஸ்டேடியம்னு பேரு, 1936ல கட்டினது, பழைய கோச் ஏர்ல் குவிக்லி நினைவா பேர் வெச்சாங்க. ஒரு ஹைஸ்கூல் மைதானத்துல ஆர்கன்சா யூனிவர்சிட்டி டீமே லிட்டில் ராக் வந்தா பல வருஷம் ஆடிச்சு, 1948ல ஊர்ல தனியா பெரிய ஸ்டேடியம் வந்த பிறகுதான் மாறினாங்க. அந்த ஊர்ல ஸ்கூல் ஃபுட்பாலுக்கு என்ன மரியாதைன்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம்.

இப்ப கேளுங்க முக்கியமான சங்கதி. அந்த 9 பேருக்கும் சேரும்போதே ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க: படிக்கலாம், அவ்ளோதான். டீம்ல சேரக் கூடாது, பேண்டுல வாசிக்கக் கூடாது, பாட்டுக் குழு கிடையாது, கிளப் கிடையாது, டான்ஸ் கிடையாது. ஜெஃபர்சன் தாமஸ் பழைய ஸ்கூல்ல ட்ராக்ல ஓடின பையன். எர்னஸ்ட் கிரீன் ஹொரேஸ் மான் ஹைஸ்கூல் பேண்டுல டெனர் சாக்ஸஃபோன் வாசிச்ச பையன். மின்னிஜீனுக்குப் பாட ஆசை. எல்லாத்தையும் வாசல்லயே கழட்டி வெச்சிட்டுத்தான் உள்ள போகணும். நம்ம வாத்தியாருக்கு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல, ஒரு புதுப் பையன் ஸ்கூல்ல ஒட்டறதுக்கு மைதானத்தை விட வேற நல்ல இடம் எது? டீம்ல ஒருத்தன் ஓடி ஜெயிச்சுக் குடுத்தா மறுநாள் கேன்டீன்ல பக்கத்துல உக்கார நாலு பேர் வருவான். அந்தக் கதவைத்தான் முதல்ல சாத்தினாங்க, தெரிஞ்சு சாத்தினாங்களா தெரியாம சாத்தினாங்களாங்கிறது அவங்கவங்க மனசாட்சிக்கு விட்டுரலாம்.

ஆனா பி.டி. பீரியட் மட்டும் கட்டாயம். சிப்பாய்ங்க வராண்டா வரைக்கும்தான் வரலாம், வகுப்புக்குள்ள, பாத்ரூம்ல, லாக்கர் ரூம்ல வரக் கூடாது. அதனால அடி உதை எல்லாம் அங்கதான் அதிகம் விழுந்துச்சு. மைதானத்துல ஆட விடல, ஆனா ஜிம்ல அடி வாங்க விட்டாங்க. டிசம்பர்ல மின்னிஜீன் பொறுமை இழந்து, வழி மறிச்ச பசங்க மேல கேஃபடீரியாவுல சில்லின்னு ஒரு காரக் குழம்பு இருந்த கிண்ணத்தைக் கொட்டிட்டா, சஸ்பெண்ட் பண்ணாங்க, அப்புறம் 1958 பிப்ரவரில ஸ்கூலை விட்டே அனுப்பிட்டாங்க. "ஒண்ணு போச்சு, இன்னும் எட்டு"ன்னு கார்டு அச்சடிச்சு பசங்க கையில சுத்துச்சு. பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்க செஞ்ச வேலை, கூட நின்ன பெரியவங்க தைரியம் குடுக்காம இது நடக்காது.

எட்டு பேர்ல யாராவது பாஸ் பண்ணாங்களா?

எர்னஸ்ட் கிரீன் மட்டும்தான் அந்த வருஷம் கடைசி வகுப்புல இருந்தவரு. 1958 மே மாசம் பட்டம் வாங்கினாரு, ஏறக்குறைய 600 பேர்ல ஒரே கறுப்பினப் பையன். விழா நடந்தது எங்கன்னு நெனைக்கிறீங்க, அதே குவிக்லி ஸ்டேடியத்துலதான்! ஆட விடாத மைதானத்துல மேடை ஏறி டிப்ளமா வாங்கினாரு. அவர் பேரைக் கூப்பிட்டப்ப கைதட்டல் நின்னு போச்சு, அவர் குடும்பத்தோட உக்காந்திருந்த விருந்தாளி ஒருத்தர் மார்ட்டின் லூதர் கிங். கிரீன் பிறகு மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டில படிச்சு, ஜிம்மி கார்ட்டர் அரசுல தொழிலாளர் துறை உதவிச் செயலாளர் அளவுக்குப் போனாரு.

ஒரு வருஷம் ஸ்கூலையே இழுத்து மூடிட்டாங்கன்னு படிச்சேன், நெஜமா?

நெஜம். 1958 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், கலந்து படிக்கிறதைத் தள்ளிப்போட முடியாதுன்னு தீர்ப்பு சொன்ன அதே நாள் கவர்னர் ஊர்ல இருந்த நாலு ஹைஸ்கூலையும் மூடிட்டாரு. மக்கள்கிட்ட வாக்கெடுப்பு வெச்சாங்க, கலந்து படிக்க வேண்டாம்னு 19,470 பேர், வேணும்னு 7,561 பேர். 3,665 பசங்களுக்கு அந்த வருஷம் ஸ்கூல் இல்ல. 'தொலைஞ்ச வருஷம்'னு அந்த ஊர்ல இன்னைக்கும் சொல்றாங்க. வெள்ளைக்காரப் பசங்கள்ல 93 சதவீதம் பேர் பக்கத்து ஊரு, சொந்தக்காரர் வீடு, அவசரமா திறந்த பிரைவேட் ஸ்கூல்னு எப்படியோ படிப்பைப் பிடிச்சிக்கிட்டாங்க, கறுப்பினப் பசங்கள்ல பாதிப் பேருக்கு அந்த வருஷம் படிப்பே இல்ல. வாத்தியாருங்க ஒப்பந்தத்துல இருந்ததால தினமும் வந்து காலி வகுப்புல உக்காந்துட்டுப் போனாங்க.

ஆனா ஃபுட்பால் நிக்கல! நிறுத்தறதா முதல்ல பேச்சு வந்துச்சு, அப்புறம் ஆடலாம்னு விட்டுட்டாங்க. கிளாஸ் இல்ல, பரீட்சை இல்ல, பூட்டின ஸ்கூல் பேர்ல டீம் மட்டும் ஜெர்ஸி போட்டு மைதானத்துல இறங்குச்சு. ஒரு ஊரு எதை இழக்கலாம் எதை இழக்கக் கூடாதுன்னு வரிசை போட்டு வெச்சிருந்துச்சுங்கிறதுக்கு இதை விட ஆதாரம் வேணுமா. எனக்கு ஃபுட்பால் மேல கோவம் இல்லைங்க, அந்தப் பசங்களுக்கு அதாவது மிஞ்சுச்சேன்னு கூட தோணுது, ஆனா இதைப் படிச்சப்ப ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன்.

திறக்க வெச்சது யாருன்னா முக்கியமா அந்த ஊர்ப் பொம்பளைங்க. அடோல்ஃபின் டெர்ரிங்கிற வயசான அம்மா முன்னால நின்னு ஒரு பெண்கள் கமிட்டி ஆரம்பிச்சாங்க. 1959 மே மாசம் ஸ்கூல் போர்டுல இருந்த மூணு பேர் 44 பேரை, வாத்தியாருங்களும் ஊழியர்களுமா, வேலையை விட்டு எடுக்கப் பாத்தாங்க, அது ஊருக்கே பொறுக்கல, திரும்ப அழைக்கிற தேர்தல் வெச்சு அந்த மூணு உறுப்பினர்களையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆகஸ்ட்ல ஸ்கூல் திறந்துச்சு. ஜெஃபர்சன் தாமஸும் கார்லோட்டா வால்ஸும் திரும்பி வந்து 1960ல அங்கயே முடிச்சாங்க. கார்லோட்டா வீட்டுல அந்த வருஷ பிப்ரவரில குண்டு வெடிச்சுச்சு, மறுநாளே ஸ்கூலுக்குப் போச்சு அந்தப் பொண்ணு.

இப்ப அங்க படிப்பு எப்படி? பேரு மட்டும்தானா, சரக்கு இருக்கா?

சரக்கு இருக்கு. ஏ.பி. பாடங்கள், அதாவது ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல் சிலபஸ், பரீட்சைல 1ல இருந்து 5 வரைக்கும் மார்க்கு, நல்ல மார்க்கு எடுத்தா பல காலேஜ்ல கிரெடிட் குடுப்பாங்க. அந்த ஏ.பி. பாடங்கள் நிறைய நடத்துற ஸ்கூல் இது, நேஷனல் மெரிட்ங்கிற தேசிய ஸ்காலர்ஷிப் பட்டியல்ல பசங்க பேரு தவறாம வரும். ஊர்ல வேற சில ஸ்கூல்கள் மார்க்கு சரியில்லன்னு 2015ல மாநிலமே டிஸ்ட்ரிக்டை கையில எடுத்தப்ப கூட குறை சொன்ன ஆறு ஸ்கூல் லிஸ்ட்ல சென்ட்ரல் இல்ல.

ஆனா முழுசா சொல்லணும்ல. 50 வருஷ நிறைவுக்கு 2007ல வந்த ஒரு டாக்குமென்டரி காட்டுச்சு, ஸ்கூல்ல பாதிக்கு மேல கறுப்பினப் பசங்க, ஏ.பி. வகுப்புக்குள்ள எட்டிப் பாத்தா பெரும்பாலும் வெள்ளைக்காரப் பசங்க. ஒரே வாசல், உள்ள போனதும் ரெண்டு வழி. சின்ன வயசுலயே டியூஷன், புத்தகம்னு வசதியோட வர்றவன் ஏ.பி.க்குப் போறான், மத்தவன் சாதா வகுப்புக்குப் போறான், இதுக்கு ராணுவத்தை அனுப்பி ஒண்ணும் பண்ண முடியாது. ஃபுட்பால் டீம்ல நெலமை தலைகீழ், அது வேற கதை.

2023 ஆகஸ்ட்ல இன்னொரு கூத்து. ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாறு பத்தின புது ஏ.பி. பாடம், அதை எடுத்தா பட்டத்துக்குக் கணக்குல சேராதுன்னு மாநிலக் கல்வித் துறை ஸ்கூல் திறக்குற நேரத்துல வந்து சொல்லுச்சு. எந்த மாநிலத்துல, எந்த ஸ்கூல்ல! சென்ட்ரல்ல நாங்க நடத்தத்தான் செய்வோம்னு டிஸ்ட்ரிக்ட் சொல்லி நடத்துச்சு. பசங்களும் எடுத்தாங்க.

அங்க இருந்து பெரிய பிளேயர்ஸ் யாராவது?

ப்ரூக்ஸ் ராபின்சன், பேஸ்பால்ல பால்டிமோர் ஓரியோல்ஸ் டீம்ல தேர்டு பேஸ்ங்கிற இடத்துல நின்னு ஆடினவரு, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது தொடர்ந்து 16 தடவை, 1983ல ஹால் ஆஃப் ஃபேம்ங்கிற ஜாம்பவான்கள் பட்டியல்ல இடம். 1955ல சென்ட்ரல்ல முடிச்சவரு. வேடிக்கை என்னன்னா அப்ப அந்த ஸ்கூல்ல பேஸ்பால் டீமே கிடையாது, பேஸ்பாலை வெளிய அமெரிக்கன் லீஜன்ங்கிற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து டீம்ல ஆடித்தான் வளர்ந்தாரு. பாஸ்கெட்பால்ல ஜோ ஜான்சன், என்.பி.ஏ.ங்கிற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல 7 தடவை ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவரு. போதும், லிஸ்ட் போட்டா பக்கம் பத்தாது.

அமெரிக்கா போனா உள்ள போய்ப் பாக்க முடியுமா சார்? மகன் அந்தப் பக்கம்தான் இருக்கான்.

முடியும்மா, ஆனா சட்டுனு நுழைய முடியாது. 1998ல இருந்து அது தேசிய வரலாற்றுத் தலம், அதே சமயம் பசங்க படிக்கிற ஸ்கூல். அதனால உள்ள பாக்கணும்னா நேஷனல் பார்க் சர்வீஸ் ரேஞ்சர் கூட்டிட்டுப் போற டூர்ல முன்கூட்டியே சொல்லி வெச்சுத்தான் போகணும், ஸ்கூல் லீவு நாள்ல கெடைக்குமான்னு மகனை விட்டு முதல்ல விசாரிக்கச் சொல்லுங்க. எதிர்த்தாப்புல விசிட்டர் சென்டர் இருக்கு, அங்க டிக்கெட் கிடையாது, ரெண்டு மணி நேரம் ஒதுக்கிட்டுப் போங்க. பக்கத்துலயே அந்தக் காலத்து பெட்ரோல் பங்க் ஒண்ணை பழைய மாதிரியே சரி பண்ணி வெச்சிருக்காங்க, 1957ல நிருபருங்க அங்க இருந்த பப்ளிக் போன்லதான் செய்தி குடுத்தாங்க, அதையும் பாத்துட்டு வாங்க.